கருவில் இருந்தவர்களுக்கும் அது யுத்த காலம்தான்

முல்லைத்தீவுப் பக்கத்தில் அனுபவப்பட்ட கச்சான் செய்கையாளர் ஒருவர் விதைக்கச்சான் வாங்கப் போனால், என்ன இனம் என்று மட்டும் கேட்டுவிட்டு வரமாட்டார். எந்தத் தோட்டத்தில் விளைந்தது, காய் பிடிக்கிற நேரத்தில் மண்ணில் ஈரம் இருந்ததா, முற்றவிட்டுத்தான் பிடுங்கினார்களா என்றும் விசாரிப்பார். கச்சான் காய்க்கு வேண்டிய கல்சியம் வேர் வழியாகப் போதிய அளவு வந்து சேர்வதில்லை. நிலத்துக்குள் இறங்கிய காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மண் காய்ந்து கிடந்தால், சத்து இருந்தும் காய்க்குள் போகாது. அப்படி விளைந்த பருப்பு பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கலாம். அடுத்த போகத்தில் நல்ல நிலத்தில் போட்டாலும் அதன் முளைப்பு பிந்தும், நாற்று சோர்ந்து நிற்கும். அதன் மரபணுவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது தாய்ச்செடி நின்ற மண்ணும் அது கண்ட வானமும்தான்.

பெற்றோர் வாழ்ந்த சூழல் பிள்ளையின் இயல்பில் வந்து நிற்பது உயிருலகில் பரவலான சங்கதி. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் கிடக்கும் குளத்து முதலையை எடுத்துக்கொள்ளலாம். மனிதருக்கு இருப்பதுபோல ஆண், பெண் என்று தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் அதற்குக் கிடையாது. முட்டை புதைந்த மண்ணின் வெப்பம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 32.5 பாகை செல்சியஸில் ஆண் குஞ்சுகள் வரும். ஓரிரு பாகை குறைந்தால் பெண் குஞ்சுகள். தாய் எந்தக் கரையைத் தேர்ந்தது, நிழல் இருந்ததா, குழியை எவ்வளவு ஆழமாகத் தோண்டியது என்பவற்றோடு பிள்ளைகளின் பால் முடிந்துவிடுகிறது. நன்னீரில் வாழும் டாஃப்னியா என்ற மிகச் சிறிய ஓட்டுயிர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன்னைத் தின்னும் உயிரியின் வாடை நீரில் இருந்தால், தாய் தலையில் கூர்க்கவசம் வளர்ப்பதோடு நிற்பதில்லை. அவள் ஈனும் குஞ்சுகளும் பெரிய கவசத்தோடு பிறக்கின்றன. 1999 இல் இதைக் காட்டிய ஆய்வாளர்கள், புழு அரித்த காட்டு முள்ளங்கிச் செடியின் விதையிலிருந்து முளைத்த செடிகள் புழுவை முன்னையதைவிட நன்றாக எதிர்ப்பதையும் அதே கட்டுரையில் காட்டினார்கள்.

வன்னியில் இந்த விடயம் செடியோடும் முதலையோடும் நிற்பதில்லை. 2009 இல் யுத்தம் முடிந்த மே மாதம் ஒவ்வோர் ஆண்டும் வந்தால், "யுத்தம் எங்கள் மரபணுவிலேயே எழுதப்பட்டுவிட்டது" என்று மேடையிலும் முகநூலிலும் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம், "பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்" என்கிறார்கள். முதலாவது பேச்சு அறிவியல் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாவதில் உள்ள அன்பு புரிகிறது, ஆனால் அது உடலைக் கணக்கில் எடுக்கவில்லை. தாயின் காலம் பிள்ளையின் உடலில் பதிகிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. ஆனால் எந்த வழியாக, எந்தப் பருவத்தில், எவ்வளவு தூரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் இங்கே செய்ய வேண்டியது என்ன என்பது தெரியும். என் கணிப்பில், கடந்துபோன யுத்தத்தின் தழும்பை மரபணுவில் தேடுவதைவிட, இன்று தாயாகப் போகிற பெண்ணின் சட்டியில் என்ன வேகிறது என்று பார்ப்பது அவசரமான வேலை.

கருவில் இருக்கும்போது கண்ட பஞ்சம் என்ன செய்யும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது நெதர்லாந்தில். 1944 இன் பிற்பகுதியில் ஜேர்மன் படைகள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகும் வழிகளை அடைத்தன. குளிர்காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பங்கீடு 400 முதல் 800 கலோரி வரை இறங்கியது. 1945 மே மாதத்தில் விடுதலை வந்தது. உணவும் உடனே வந்தது. ஆகவே அந்தப் பஞ்சத்துக்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் இருந்தன. யார் எத்தனையாவது மாதக் கருவாக அதற்குள் அகப்பட்டார்கள் என்று கணக்குப் போட முடிந்தது.

19 வயதில் இராணுவப் பதிவுக்கு வந்திருந்த மூன்று இலட்சம் இளைஞர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கர்ப்பத்தின் முதற்பாதியில் பஞ்சத்தைக் கண்டவர்களிடையே உடற்பருமன் கூடுதலாக இருந்தது. கடைசி மாதங்களில் கண்டவர்களிடையே குறைவாக இருந்தது. பட்டினியின் அளவு ஒன்றுதான், அது வந்த மாதம் வேறு, விளைவும் வேறு. பிற்காலத்தில் முதற்பருவத்தில் அகப்பட்டவர்களிடம் இதயநோயும் மனச்சிதைவு நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. 2008 இல், கரு தங்கிய நாட்களில் பஞ்சத்துக்குள் இருந்த 60 பேரின் டி.என்.ஏயை அவர்களுடைய சொந்தச் சகோதரருடையதோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேலுள்ள இரசாயன அடையாளம் ஆறு தசாப்தங்களுக்குப் பிறகும் அவர்களிடம் குறைந்தே இருந்தது.

இந்தக் கதை எல்லோருக்கும் பிடித்துப்போனதால், இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்றக் கதையைப் பலர் சொல்வதில்லை. அதே யுத்தத்தில் லெனின்கிராட் நகரம் அதைவிட நீண்ட முற்றுகையை அனுபவித்தது. அங்கே கருவில் இருந்தவர்களைச் சோதித்து 1997 இல் வெளியிட்ட ஆய்வில், சீனி நோய் அவர்களிடம் கூடுதலாக இருக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு? ஒரு விளக்கம் இது: நெதர்லாந்தில் பஞ்சம் முடிந்ததும் வயிறு நிறையச் சாப்பாடு வந்தது. லெனின்கிராட்டில் முற்றுகை முடிந்த பிறகும் நெடுங்காலம் தட்டுப்பாடு நீடித்தது. கருவில் சிக்கனத்துக்குப் பழகிய உடல் சிக்கனமான உலகத்திலேயே வளர்ந்தால் சமாளித்துக்கொள்கிறது. திடீரென்று தாராளத்துக்குள் விழுந்தால் திணறுகிறது. நைஜீரியாவில் பியாஃப்ரா யுத்தத்தின்போது, 1967 க்கும் 1970 க்கும் இடையில், முற்றுகையால் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களுக்கு நாற்பது வயதளவில் உயர் குருதியமுக்கமும் குருதியில் சீனி ஏற்றமும் கூடுதலாக இருந்ததை 2010 இல் வெளியான ஆய்வு சொன்னது. வன்னிக்கு நெருக்கமான உதாரணம் இதுதான்.

பஞ்சம் என்ற அளவுக்குப் போகவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் டேவிட் பாக்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் 1989 இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 1911 முதல் அங்கே மருத்துவமாதுக்கள் ஒவ்வொரு குழந்தையையும் பிறந்தபோதும் ஒரு வயதிலும் நிறுத்து எழுதி வைத்திருந்தார்கள். எடை குறைந்திருந்த குழந்தைகளே, பெரியவர்களானபின் இதயநோயால் கூடுதலாக இறந்திருந்தார்கள். புனேயில் யாஜ்னிக் தலைமையிலான குழு கண்டது நமக்கு இன்னும் பொருந்தும். அங்குள்ள குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தார்கள். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிந்த பிள்ளைதான். உள்ளே சேமிப்பை விட்டுக்கொடுக்காத உடல்.

ஒரு மருத்துவமாதின் பழைய கொப்பி எவ்வளவு பெறுமதியானது என்பதை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் காட்டுகிறது. வன்னியில் 2008 இலும் 2009 இலும் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு கொப்பியின் பாதுகாப்பு இருக்கவில்லை. மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே போன சனம் வீடு, மாடு, மோட்டார் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனது. பிறப்புச் சான்றிதழைக்கூடப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் ஏராளம். வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடங்களில் இயங்கின. பிறப்பு எடையை யார் எழுதுவது? 2005-2006 இல் இலங்கையில் நீரிழிவு பற்றி நடந்த பெரிய ஆய்வு வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதைக் காட்டியது. அதிலும் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. காரணம் யுத்தம்தான்.

ஆனாலும் மற்ற நாடுகளில் அளந்த அத்தனை அம்சங்களும் இங்கே ஒரே இடத்தில் கூடியிருந்தன. உப்பும் அரிசியும் தண்ணீருமான கஞ்சியில் நாளைக் கழித்த கர்ப்பிணிகள். இராப்பகலாகப் பங்கருக்குள் குந்தியிருந்த உடல்கள். ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பதினாறு, பதினேழு வயதில் அவசரமாகக் கட்டிவைத்த பெண்பிள்ளைகள். வளர்ந்து முடியாத உடலில் ஒரு கரு தங்கும்போது தாயும் பிள்ளையும் ஒரே சத்துக்குப் போட்டிபோட வேண்டியிருக்கும். பிறகு செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம், நிவாரண மாவும் பருப்பும். அதற்கும் பிறகு மீள்குடியேற்றம், ஏ9 வீதியில் லொறி லொறியாக வந்திறங்கிய சோடா, பிஸ்கட், வெள்ளை மா, சீனி. சைக்கிள் மிதித்த கால்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறின. நெதர்லாந்தின் வழி, லெனின்கிராட்டின் வழி என்ற இரண்டில் வன்னி போனது நெதர்லாந்தின் வழியில் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் முழுதாக இல்லை. சீனி தாராளமாக வந்தது, முட்டையும் மீனும் அதே தாராளத்தோடு எல்லா வீட்டுக்கும் வரவில்லை.

உடலுக்குள் இது நடப்பது எப்படி? முதல் வாசல் சூல்வித்தகம், அதாவது நச்சுக்கொடி. தாய் அச்சத்தில் இருக்கும்போது அவள் குருதியில் கோட்டிசோல் என்ற ஓமோன் ஏறுகிறது. சாதாரண நாட்களில் சூல்வித்தகத்தில் உள்ள ஒரு நொதியம் அதில் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கித்தான் பிள்ளைக்கு விடும். தாயின் புரதச்சத்துக் குறைவும் நீண்ட நெருக்கடியும் அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. அப்போது பிள்ளையின் மூளையும் சிறுநீரகமும் கணையமும், தாய் காணும் அச்சத்தின் இரசாயனத்திலேயே உருவாகின்றன.

இரண்டாவது வழி, அடிக்கடி பேசப்படும் எபிஜெனெடிக்ஸ். எல்லா உயிரணுவிலும் இருப்பது ஒரே மரபணுப் புத்தகம்தான். ஆனால் சில பக்கங்களைக் குண்டூசி குத்தி மூடிவைத்தால் அந்தப் பக்கங்கள் வாசிக்கப்படாது. டி.என்.ஏயின் மேல் ஏறி உட்காரும் மெதைல் கூட்டங்கள் என்ற சிறு இரசாயனத் துணுக்குகள் அந்தக் குண்டூசி வேலையைச் செய்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட்டர்லாண்டும் ஜேர்ட்டலும் 2003 இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பெயர்போனது. மஞ்சள் நிறமும் உடற்பருமனும் கொண்ட ஓர் இனச் சுண்டெலி அது. சினைப்பட்ட காலத்தில் தாய்க்குப் போலிக் அமிலம், பி12, கோலின் முதலியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். குட்டிகளில் பல மண்ணிறத்தில் பிறந்தன. மரபணு மாறவில்லை, தாயின் உணவிலிருந்து வந்த மெதைல் கூட்டங்கள் ஒரு பக்கத்தை மூடியிருந்தன. மனிதரில் இதற்கு ஒப்பானதைக் காட்டியது மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா. அங்கே மழைக்காலத்தில் தங்கிய கருவுக்கும் வறண்ட காலத்தில் தங்கிய கருவுக்கும் சில மரபணுக்களின் மேலுள்ள மெதைல் அளவு வேறுபடுவதை 2014 இல் காட்டினார்கள். காரணம், பருவத்தோடு மாறும் தாயின் சாப்பாடு. காலபோக அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கிற மாதங்களுக்கும், கார்த்திகை மார்கழியில் கடனுக்கு அரிசி வாங்குகிற மாதங்களுக்கும் உள்ள வித்தியாசம் வன்னிப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். ஒரு பெண் வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் முட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே சூலகத்தில் உருவாகிவிடுகின்றன. கர்ப்பத்தின் 20 ஆவது வாரமளவில் அந்தப் பெண் கருவுக்குள் அறுபது, எழுபது இலட்சம் முட்டை உயிரணுக்கள் இருக்கும். ஆகவே 2009 இல் மாத்தளன் கரையில் பெண்பிள்ளையைச் சுமந்து நின்ற ஒரு தாயின் உடலில் மூன்று தலைமுறை நின்றது: அவள், அவளுடைய மகள், அந்த மகள் இனிப் பெறப்போகும் பிள்ளையின் பாதி. அந்த மகளுக்கு இப்போது பதினாறு, பதினேழு வயது. சாதாரணதரப் பரீட்சை எழுதியிருப்பாள், அல்லது எழுதப் போகிறாள். நாளைக்கு அவள் பெறும் பிள்ளையில் ஏதாவது தெரிந்தால் அதைப் 'பரம்பரை' என்று சொல்ல முடியாது. அந்த முட்டையும் அந்தக் கரையில் நேரடியாக நின்றதுதான். நான்காவது தலைமுறையிலும் அது தொடர்ந்தால்தான் அறிவியல் அதைப் பரம்பரையாகக் கடந்தது என்று ஒத்துக்கொள்ளும். செடிகளிலும் சில புழுக்களிலும் அப்படிக் கடப்பது தெளிவாகத் தெரிகிறது. பாலூட்டிகளில் நிலைமை வேறு. முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒரு தடவை, கரு தங்கியதும் இன்னொரு தடவை, குண்டூசிகளில் மிகப் பெரும்பாலானவை கழற்றப்பட்டுவிடுகின்றன. தப்பி நிற்பவை சில. எடித் ஹேர்டும் ரொபேட் மார்ட்டியன்சனும் 2014 இல் எழுதிய மதிப்பாய்வு இதைச் சுட்டிக்காட்டி, மனிதரில் தலைமுறை கடந்த எபிஜெனெடிக் மரபு என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம் என்றது.

அச்சமும் இப்படி இறங்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பிரகலாதன் தாயின் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட கதையை இதற்குச் சாட்சிக்கு இழுப்பவர்களை விட்டுவிடலாம். ஆய்வுகூடத்தில் இருப்பதைப் பார்ப்போம். பிரையன் டயஸ், கெரி ரெஸ்லர் ஆகிய இருவரும் ஆண் சுண்டெலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட வாசனையைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகளும் பேரக்குட்டிகளும், அந்த வாசனையை அதற்குமுன் முகராமலே, அதற்குத் துள்ளின என்று அறிவித்தார்கள். உலகம் அதிர்ந்தது. தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருப்பதாகப் புள்ளியியல் தெரிந்தவர்கள் குறைசொன்னார்கள். மனிதரில், ரேச்சல் யெஹூடாவின் குழு யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் மெதைல் வேறுபாடு இருப்பதாகச் சொன்னது. அதில் இருந்தவர்கள் 32 பெற்றோரும் 22 பிள்ளைகளும். அந்த எண்ணிக்கையை வைத்து ஓர் இனத்தின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது.

கவனத்துக்கு உரியது 2025 இல் வந்த சிரிய அகதிகள் பற்றிய ஆய்வு. ரானா தஜானி, கதரின் பான்டர்-பிரிக், கொனி முலிகன் ஆகியோர் 48 குடும்பங்களில் 131 பேரிடம் கன்னத்தின் உட்புற உயிரணுக்களை எடுத்தார்கள். 1982 இல் ஹமா நகரப் படுகொலையின்போது கர்ப்பமாக இருந்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளில் 14 இடங்களில் மெதைல் வேறுபாடு தென்பட்டது. மேலே சொன்ன முட்டைக் கணக்கு நினைவிருந்தால், இந்த ஆய்வு ஏன் மூன்று தலைமுறையை எடுத்தது என்பது விளங்கும். ஆனால் அந்த 14 இடங்களில் உள்ள மாற்றம் அந்தப் பேரப்பிள்ளைகளை நோயாளியாக்கியது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அடையாளம் இருப்பது வேறு, அது வாழ்க்கையைத் தீர்மானிப்பது வேறு. மேடையில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

கோயில் திருவிழாவொன்றில் நடப்பதைப் பாருங்கள். சுவாமி வீதி உலா வருகிறது. எங்கேயோ ஒரு மூலையில் வெடி கொளுத்துகிறார்கள். நாற்பது வயதுத் தாய் ஒருத்தி சத்தம் கேட்ட கணத்தில் மகனின் தலையை அமுக்கிக்கொண்டு அப்படியே குந்திவிடுகிறாள். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்க, சேலையைத் தட்டிக்கொண்டு எழும்புகிறாள், சிரிக்கவும் பார்க்கிறாள். நான்கு வயதுப் பையன் வெடி வெடித்த பக்கம் பார்க்கவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த வெடிக்கு அவன்தான் முதலில் குந்துகிறான். அவன் கிபிர் போர்விமானத்தைக் கண்டதில்லை, ஷெல் சத்தம் கேட்டதில்லை. அவனுடைய அச்சத்தை விளக்க விந்தையோ முட்டையையோ தேடிப் போக வேண்டிய அவசியமில்லை.

வீட்டு வழியாக வருவதையும் கரு வழியாக வருவதையும் பிரித்துப் பார்க்க எலிகளில் முடிகிறது. மொன்றியலில் மைக்கல் மீனியின் குழு, குட்டிகளை அதிகம் நக்கிப் பராமரிக்கும் தாய் எலிகளையும் குறைவாகப் பராமரிப்பவற்றையும் பிரித்தது. பராமரிப்புக் குறைந்த தாயின் குட்டிகள் வளர்ந்தபின் சிறிய அதிர்ச்சிக்கும் பதறின. பிறந்த உடனே குட்டிகளை மாற்றி வைத்தபோது, பெற்ற தாயை ஒத்து அல்ல, வளர்த்த தாயை ஒத்தே அவை வளர்ந்தன. 2004 இல் அவர்கள் காட்டியது, அந்தப் பராமரிப்பே மூளையில் மெதைல் அடையாளங்களை மாற்றுகிறது என்பதை. அதாவது எபிஜெனெடிக்ஸ் கருவோடு முடிந்துபோன கதை அல்ல; திண்ணையிலும் அடுப்படியிலும் அது தொடர்கிறது. வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் எழுதியபோது, தனி மனிதரின் நோயாக மட்டும் அதைப் பார்க்கவில்லை. குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் குலைந்ததையே அழுத்திச் சொன்னார். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் நாளில் ஒரு தாய் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறாள், பின்னேரம் கசிப்போடு வரும் தகப்பனைக் கண்டு வீடு எப்படி மௌனமாகிறது என்பவையும் பெற்றோரின் சூழல்தான். 2009 இன் பெயரைச் சொல்லி இவற்றை மறைத்துவிடக் கூடாது.

தகப்பனின் பங்கை இவ்வளவு நேரமும் சொல்லாததற்குக் காரணம், அதுபற்றிய சான்று இன்னும் மெல்லியது. ஆனால் இல்லாமலில்லை. 2010 இல் வந்த ஒரு சோதனையில் கொழுப்பு மிகுந்த உணவு தின்ற ஆண் எலிகளின் பெண்குட்டிகளுக்கு இன்சுலின் சுரப்புக் குறைந்திருந்தது. சுவீடனின் ஓவர்கலிக்ஸ் என்ற சிற்றூரில், பழைய அறுவடைப் பதிவுகளை வைத்து, அப்பப்பாவின் சிறுவயது உணவுக்கும் பேரன்மாரின் ஆயுளுக்கும் தொடர்பு கண்டார்கள். ஊர் சிறியது, எண்ணிக்கையும் சிறியது. நடைமுறைக்கு உதவும் தகவல் ஒன்று உண்டு. விந்து முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும். பிள்ளைக்கு ஆசைப்படும் ஆண் கசிப்பையும் பீடியையும் அந்த இரண்டரை மாதமாவது விட்டால் நல்லது என்று கிளினிக்கில் சொல்லலாம். பெரும்பாலும் சொல்வதில்லை, ஏனென்றால் ஆண்கள் கிளினிக்குக்கு வருவதில்லை.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்கவில்லை, வவுனியாப் பக்கத்துக் கிராமங்களையும் தொட்டிருக்கிறது. தண்ணீரா, கிருமிநாசினியா, வெயிலில் உடல் வற்றும் வேலையா என்று விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் கர்ப்பத்தையும் சேர்க்க வேண்டும். ஒருவருடைய சிறுநீரகத்தில் குருதியை வடிக்கும் சிறுநீரகத்திகள் எத்தனை இருக்கும் என்பது கர்ப்பத்தின் 36 ஆவது வாரமளவில் முடிவாகிவிடுகிறது. பிறகு ஒன்றுகூடப் புதிதாக உண்டாகாது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு. இருப்பவை கூடுதல் சுமையைத் தாங்கி முன்கூட்டியே களைத்துப்போகும் என்று பிரெனர் என்ற சிறுநீரக மருத்துவர் 1988 இலேயே வாதிட்டார். எடை குறைந்து பிறந்த ஒருவன், இருபது வயதில் சிறுபோக வயலில் பங்குனி சித்திரை வெயிலுக்குள் போத்தல் தண்ணீரோடு நின்று வேலை செய்யும்போது, அவனுடைய சிறுநீரகம் மற்றவனுடையதுபோல ஈடுகொடுக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. மலேரியா போனது இந்தப் பக்கத்துக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். தலைப்பிள்ளைக் கர்ப்பத்தில் சூல்வித்தகத்துக்குள் ஒளிந்து பிள்ளையின் எடையைக் குறைக்கும் நோய் அது. 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டபோது, வன்னிக் காட்டோரத்துத் தாய்மாருக்கு அதில் கிடைத்த நன்மையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

இனிக் கிளினிக். மாமர நிழலில் வாங்கில் வரிசையாக இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியாகத் தராசில் ஏறி இறங்க, குடும்பநல உத்தியோகத்தர் எடையைப் பதிவேட்டில் எழுதுகிறார். போன மாதத்து எண்ணுக்கும் இந்த மாதத்து எண்ணுக்கும் வித்தியாசமில்லை. "திரிபோஷ சாப்பிடுகிறீர்களா, பிள்ளை?" என்று கேட்கிறார். "ஓம்" என்று பதில் வருகிறது. உண்மைதான், சாப்பிடுகிறாள். சோளமும் சோயாவும் அரைத்த அந்த மாவை வீட்டில் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் குழைத்து உருண்டை பிடிக்கிறார்கள். முதல் உருண்டை பாடசாலையால் வந்த மூத்தவனுக்கு, அடுத்தது மாமிக்கு, இன்னொன்று வேலையால் வந்த மனிசனுக்கு. பாத்திரத்தில் மிஞ்சியது அவளுக்கு. ஒருவருக்குக் கணக்குப் பண்ணிக் கொடுத்த சத்து ஐந்து பேருக்குப் போகிறது. இதற்கு அவளை ஏசிப் பயனில்லை. பகிர்ந்து தின்னத்தான் அந்த வீடு பழகியிருக்கிறது, 2009 இல் அந்தப் பழக்கம்தான் உயிரைக் காத்தது. மற்றவர்களுக்கும் சேர்த்து வீட்டில் முட்டையோ பயறோ இருந்தால்தான் திரிபோஷ அவளிடம் நிற்கும்.

போலிக் அமிலத்தின் கதை இன்னும் இறுக்கமானது. குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் கரு தங்கிய 28 ஆவது நாளளவில் மூடிவிடுகிறது. 1991 இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை, கருவுறுமுன்பே போலிக் அமிலம் எடுத்த தாய்மாருக்கு அந்தக் குழாய் மூடாமல் போகும் ஆபத்துப் பெருமளவு குறைவதை நிரூபித்தது. 28 ஆவது நாளில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது. கிளினிக்கில் பெயர் பதிவது அதற்கும் பிறகு. அதனால்தான் இலங்கையில் புதிதாகத் திருமணமானவர்களையே பதிந்து, குருதிச்சோகை பார்த்து, மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டைச் சுகாதாரப் பகுதி வைத்திருக்கிறது. வன்னியில் வீட்டுக்கு வீடு தூரம், ஓர் உத்தியோகத்தருக்குப் பல கிராமம். மல்லாவியில் பிறந்த பெண் கலியாணம் முடித்துப் புதுக்குடியிருப்புக்குப் போனால், அங்குள்ள பதிவேட்டில் அவள் பெயர் ஏற நாளாகும். அதற்குள் கரு தங்கிவிடுவதும் உண்டு. 2009 இல் வயிற்றுக்குள் இருந்த பெண்பிள்ளைகள் இன்னும் சில வருடங்களில் அந்தப் பதிவேட்டுக்கு வரப்போகிறார்கள். அவர்களுடைய பெயர் முதலாவது பிள்ளைக்கு முன்பே அதில் ஏறுவதற்கு, கலியாண எழுத்துக்கு வரும் பதிவாளரும் கிராம சேவகரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.